ஐடெல்லா வீட்டு ஃபர்னஸ் கதவு

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் நான் விழப் போவதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் வீட்டு நிலவறைகளில் தவழ்ந்து சம்பாதிக்கிறவன் இருட்டுக்குப் பயந்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் இந்த ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 4:25 முதல் 5:31 வரை எனக்கு நடந்தது கதை இல்லை. நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் வேலைச் சீட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் பெயர் ஆர்லன் ஹாவிக். மினசோட்டாவின் வடக்கே, டுலூத் நகரத்துக்கு வெளியே, ஃபர்னஸ், அதாவது எரிவாயுவில் வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம், அதைப் பழுது பார்ப்பது என் வேலை. எங்கள் பக்கம் ஜனவரியில் ஃபர்னஸ் நின்றால் ஒரே ராத்திரியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். அதனால் எங்களைக் கண்டாலே ஜனங்களுக்குச் செலவுப் பயம் வந்துவிடும். பூட்ஸைக் கழற்றுவதற்குள் "எவ்வளவு ஆகும்?" என்பார்கள். பத்தில் ஆறு வீட்டில் காற்று வடிகட்டிதான் அடைத்திருக்கும், நாய் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி. இருபது டாலரில் முடிகிற வேலை. தீ மூட்டுகிற பாகம் போயிருந்தால் இருநூற்றைம்பது. காற்றாடி மோட்டார் என்றால் எழுநூறு. இதற்கெல்லாம் யாரும் செத்துப்போவதில்லை.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். தீ எரிகிற இரும்பு அறையில் விரிசல் விட்டிருந்தால், புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள். அந்த இரும்பு அறையை மாற்ற ஆயிரத்து எண்ணூறு டாலர். பழைய ஃபர்னஸ் என்றால் நாலாயிரத்து ஐநூறு கொடுத்துப் புதிதே வாங்கிவிடுவது மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபர்னஸின் முன்பக்கம் கழற்றி மாட்டுகிற தகரக் கதவு ஒன்று இருக்கும். வந்து போகிற ஒவ்வொரு மெக்கானிக்கும் அதன் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதி, செய்த வேலை, தன் பெயர் மூன்றையும் எழுதுவான். அடுத்து வருகிறவனுக்கு அதுதான் அந்த ஃபர்னஸின் ஜாதகம்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி பனியில் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. ஏறக்குறைய நான்கு வாரம் வீட்டில் கிடந்தேன். மறுபடி வேலைக்கு வந்த இரண்டாம் நாள்தான் அந்தச் செவ்வாய். குளிர் மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. 3:40-க்கு என் கைபேசி அடித்தது. அழைப்புகள் எப்போதும் எங்கள் அலுவலகத்து லோர்னா மூலமாகத்தான் வரும். இது நேராக எனக்கு வந்தது.

"ஆர்லனா? ஐடெல்லா ரௌட்டியோ பேசறேன். குளிருது, தம்பி."

"எப்போ நின்னுச்சும்மா?"

"நின்னு நாளாச்சு."

"இந்தக் குளிர்ல அதுவரைக்கும் சும்மாவா இருந்தீங்க?"

"நீ வரட்டும்னு இருந்தேன்."

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, தனி ஆள். வருடா வருடம் ஃபர்னஸைச் சோதித்துக் கொடுக்கிற திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு என்னிடம்தான் சேர்ந்தார். முதல் சோதனையைப் போன வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி செய்தேன். அன்று நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

4:25-க்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். வேனை அணைக்காமல் விட்டு இறங்கினேன், அணைத்தால் திரும்ப உயிர் வராது. வாசல் பாதையில் பனி முழங்கால் வரை கிடந்தது. அள்ளிப் பல நாள் ஆகியிருக்கும். அதில் ஒரு காலடி கூட இல்லை. கூரைக் குழாயில் புகை இல்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்த்து, தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கெட்ட ஃபர்னஸ் ஓடுகிற வீட்டில்தான் ஜன்னல் அப்படி அழும்.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது.

ஐடெல்லா இரவு உடையில் நின்றார். மெல்லிய பருத்தி, கையில்லாதது. அந்தக் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அவருக்கு நடுக்கமே இல்லை. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு, இப்போதுதான் பனியில் விளையாடிவிட்டு வந்த குழந்தை மாதிரி.

"ஒரு சால்வையாவது போட்டுக்கக் கூடாதாம்மா?"

"இனிமே எதுக்கு? கால்ல உறையை மாட்டிக்கிட்டு உள்ள வா. தரையை நாசம் பண்ணாதே."

நீல நிற பிளாஸ்டிக் உறையைப் பூட்ஸின் மேல் மாட்டினேன். சமையல் மேடையில் காப்பிக் குடுவை இருந்தது. பாதி காப்பி. போகிற போக்கில் என் பை பட்டு அது சாய்ந்தது.

காப்பி சிந்தவில்லை. கல்லாக உறைந்திருந்தது.

ஃபர்னஸ் நின்று நாளாகிவிட்டது என்றாரே, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் காப்பி உறைகிற வீட்டில் ஜன்னல் எப்படி வியர்க்கும்? அதை யோசிக்க வேண்டாம் என்று தோன்றியது. யோசிக்கவில்லை.

"எவ்வளவு ஆகும்?" என்றார்.

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"பாக்காம சொல்ல மாட்டியா? நல்லது. முன்னாடி போ."

நிலவறைக்குப் பதினொரு படி. என் எடையில் ஒவ்வொன்றும் முனகியது. அவர் என் பின்னால்தான் வந்தார், பேச்சு என் பிடரிக்கு மிக அருகில் கேட்டது. அவர் கால் பட்ட படி ஒன்று கூட முனகவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் வாயிலிருந்து ஆவி புகை புகையாக வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

4:44. படிக்குக் கீழே சுவரில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தொங்கியது. பின்மூடி திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

"இதை யாரும்மா எடுத்தது?"

"அவன்தான். சும்மா சும்மா கத்துது, கிழட்டுக் கருவி, பொய் சொல்லுதுன்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டான்."

"எவன்?"

"கதவைக் கழட்டு. பேர் இருக்கும்."

ஃபர்னஸைத் தொட்டேன். இரும்பு பனிக்கட்டியாக இருந்தது. எரிவாயுக் குழாயின் திருகு அடைத்திருந்தது. தீ இல்லை, பொறி இல்லை, எதுவும் இல்லை.

4:52. என் இடுப்பில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு மீட்டர் அலறியது. முப்பத்தைந்தைத் தொட்டால் அது கத்தத் தொடங்கும். பீப்... பீப்...

முப்பத்தைந்து.

எரியாத ஃபர்னஸ். அடைத்த வாயு. மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று தட்டினேன். எழுபது. இன்னொரு தட்டு. நூற்றைம்பது.

"மேல போயிடலாம்மா. காத்து சரியில்ல."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. கதவைக் கழட்டு."

கழற்றினேன். டார்ச்சை அடித்தேன். 2003-லிருந்து வரிசையாகத் தேதிகள். கடைசிக்கு முந்தைய வரி என் கையெழுத்து.

அக்டோபர் 9. சோதித்தேன். எல்லாம் சரி. ஆர்லன்.

அதற்குக் கீழே கடைசி வரி.

டிசம்பர் 9. சுவிட்ச் தொல்லை. சரி செய்தேன். வெண்டல்.

வெண்டல் என் மனைவியின் தம்பி. எங்கள் கம்பெனியில்தான் வேலை. அவன் கையில் வேலை பறக்கும், நான் ஒரு வீடு முடிப்பதற்குள் மூன்று வீடு முடிப்பான். எப்படி முடிக்கிறான் என்று நான் கேட்டதில்லை. குடும்பத்தில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

டார்ச்சை உள்ளே திருப்பினேன். விரிசல் விட்ட இரும்பில் தீ வெளியே நாக்கு நீட்டும். நீட்டினால் வாயுவை அடைக்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கம்பி. விரல் நீளம்தான். அந்தக் கம்பி இருந்தால் சுவிட்ச் குருடு. தீ எவ்வளவு வெளியே வந்தாலும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் தொழிலில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் என்பார்கள். கழற்ற யாரும் திரும்பி வருவதில்லை.

"ஆயிரத்து எண்ணூறுன்னான்," என்றார் ஐடெல்லா. "புத்தாண்டு வரைக்கும் பொறு, பென்ஷன் வந்ததும் தர்றேன்னேன். அப்போ தொண்ணூறு குடு, அதுவரைக்கும் ஓட வைக்கிறேன்னான். ஓடும், ஒண்ணும் ஆகாதுன்னான்."

"நீங்க வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேம்மா..."

"எதுக்கு? அதுக்கு மேல் வரியைப் பாத்தியா? எல்லாம் சரின்னு நீ எழுதியிருக்கே. அதை நம்பினேன்."

மீட்டர் இருநூற்றெண்பது.

"நாப்பது பிள்ளைங்களைப் பனியில ஓட்டினவ நான்," என்றார். குரல் உயரவில்லை. "தினமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக், விளக்கு, டயர், பின்கதவு. ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாத்துத்தான் சீட்டுல கையெழுத்து. முப்பது வருஷம். நீ அன்னிக்கு எதைத் தொட்டே?"

அக்டோபர் ஒன்பது அன்று எனக்கு ஒன்பது வீடு. தீக்குழல்களைக் கழற்றி, உள்ளே கண்ணாடி விட்டு, இரும்பைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். நான் பன்னிரண்டு நிமிடத்தில் வடிகட்டியை மாற்றிவிட்டு எழுந்துவிட்டேன். ஐடெல்லா கொடுத்த ஆப்பிள் கேக்கைத் தின்றேன். கையெழுத்துப் போட்டேன்.

"அன்னிக்கே விரிசல் இருந்துதா?"

"தெரியாதும்மா."

"ஏன் தெரியாது?"

"பாக்கல."

"அதான்."

5:08. வெண்டலுக்கு ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"டேய், ஐடெல்லா ரௌட்டியோ வீட்டுல என்ன பண்ணி வச்சிருக்கே? கம்பியைப் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"வெண்டல்?"

"எந்தக் கம்பி?" அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கம்பியை நான் எடுத்துட்டேனே, மாமா."

"கதவுல உன் பேர் இருக்கு. என் கையில இருக்கு அந்தக் கதவு."

"இல்ல."

"என்னடா இல்ல?"

"அந்தக் கதவு இங்க இருக்கு. என் கராஜ்ல. நான்தான் கொண்டுவந்தேன். மாமா... உங்களை யாரு உள்ள விட்டது?"

இணைப்பு அறுந்தது.

என் கையில் இருந்த தகரத்தைப் பார்த்தேன். கனமாக இருந்தது. விளிம்பு விரலை அறுத்து ரத்தம் வந்தது. நிஜம்தான்.

மீட்டர் நானூற்றுப் பத்து.

தலை விண் விண் என்று தெறித்தது. வாந்தி வரும் போல இருந்தது. படிப்பக்கம் பார்த்தேன்.

ஐடெல்லா கடைசிப் படியில் நின்றார். வழி மறித்து.

"எழுது," என்றார்.

"என்ன..."

"வந்தவங்க எல்லாரும் எழுதறாங்கல்ல? நீயும் எழுது. உள்ளதை எழுது."

மார்க்கரை எடுத்தேன். எழுதினேன்.

ஜனவரி 14. மாலை 5:20. சுவிட்சுக்குக் குறுக்கே கம்பி போட்டது வெண்டல். ஃபர்னஸைப் பற்றவைக்காதே. ஆர்லன்.

அவர் குனிந்து படித்தார். அந்தச் சிவந்த கன்னம் என் தோளுக்கு அருகில். மூச்சு இல்லை.

"அவனைப் பத்தி எழுதிட்டே."

"ஆமா."

"உன்னைப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

மார்க்கரை மூடினேன்.

"சரி," என்றார். "அவன் வீடு எங்க?"

மீட்டர் அறுநூறு. பீப் பீப் பீப் பீப்...

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அது அப்போதே தெரியும். அவன் என் மனைவியின் ஒரே தம்பி.

சொன்னேன்.

"ஏரிக்கரை ரோடு. கடைசி வீடு. பச்சைக் கூரை."

மீட்டர் நின்றது.

பூஜ்யம்.

"உனக்கு இன்னொரு வருஷச் சோதனை பாக்கி இருக்கு," என்றார். "அக்டோபர்ல பாக்கலாம்."

வாசல் கதவு திறந்து சாத்துகிற சத்தம் மேலே கேட்டது. படியில் யாரும் இல்லை.

ஓடினேன். தகரக் கதவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வெளியே பனியில் என் காலடி மட்டும்தான் இருந்தது. உள்ளே வந்த காலடி. வெளியே யாரும் போகவில்லை.

5:31. வேனில் உட்கார்ந்து வெண்டலைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினொரு முறை கூப்பிட்டேன். ஓட்டிக்கொண்டே லோர்னாவைக் கூப்பிட்டேன்.

"ஐடெல்லாவா?" என்றாள் லோர்னா. "நீ லீவுல இருந்தப்போ போயிட்டாங்களே, ஆர்லன். கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டாம் நாள். மாரடைப்புன்னாங்க. பாவம், தேவாலயத்துல பெட்டியில பாத்தவங்க எல்லாம் அதையேதான் சொன்னோம். என்ன களை, கன்னம் ரோஜா மாதிரி இருக்கேன்னு."

கார்பன் மோனாக்சைடில் செத்தவர்களுக்கு அப்படித்தான் சிவக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் எங்கள் தொழில்காரன் ஒருவன் இருந்திருக்கிறான். வெண்டல்.

அவர் இறந்த மறுநாள், குழாயில் தண்ணீரை வடித்து ஃபர்னஸை அடைத்துவிட்டு வரும்படி ஐடெல்லாவின் அண்ணன் மகன் ஒருவர் வெண்டலையே அனுப்பியிருக்கிறார். கம்பியையும் கதவையும் அவன் அன்றுதான் எடுத்திருக்கிறான்.

ஏரிக்கரை ரோட்டுக்கு 6:15-க்குப் போனேன். வாசல் கதவு பூட்டவில்லை. வெண்டல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

கன்னம் நல்ல சிவப்பு.

என் மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம்தான் காட்டியது.

அவன் மடியில் அந்தத் தகரக் கதவு. கையில் மார்க்கர், மூடி கழற்றியபடி. என் வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி. கோணல் மாணலான எழுத்து, ஆனால் அவன் எழுத்துதான்.

விரிசல் எனக்குத் தெரியும். தெரிந்தே கம்பி போட்டேன். வெண்டல்.

ஷெரிஃப் அலுவலகத்து உதவி அதிகாரி என்னை மூன்று முறை விசாரித்தார். ரத்தத்தில் அறுபத்தொரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்றார். அதுதான் அவருக்குப் புரியவில்லை. வெண்டலின் வீட்டில் ஃபர்னஸ் கிடையாது, எரிவாயு கிடையாது, அடுப்பு கூட மின்சாரம்தான். கார் வெளியே நின்றது, இன்ஜின் உறைந்து கிடந்தது. அந்த வீட்டில் எரிகிற பொருளே இல்லை. கராஜின் பூட்டு போட்டபடி இருந்தது. ஐடெல்லாவின் நிலவறையில் என் பூட்ஸ் தடம் இருந்தது, ஆனால் ஃபர்னஸுக்குக் கதவும் இல்லை, கம்பியும் இல்லை. டிசம்பர் முதல் பூட்டிய கராஜில் இருந்த தகரத்தில் ஜனவரி பதினான்காம் தேதி போட்டு நான் எப்படி எழுதினேன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் வீட்டை நீ ஏன் சொன்னே?" அவள் இப்போது அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள்.

நான் தொழிலை விட்டுவிட்டேன். பிப்ரவரியிலேயே என் வீட்டு ஃபர்னஸைப் பிடுங்கி எறிந்து, எரிவாயு இணைப்பை வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றினேன். ஏழாயிரம் டாலர். இருந்தும் மீட்டரை மட்டும் தூக்கிப் போடவில்லை. சமையலறை மேஜையில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை பேட்டரி மாற்றுகிறேன்.

அன்று அந்தத் தகரத்தில் என்னைப் பற்றி எழுதாமல் விட்டேன் இல்லையா? அதை இப்போது இங்கே எழுதிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம், எதையும் தொட்டுப் பார்க்காமல், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். இன்று அக்டோபர் எட்டு. நாளைக்குள் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், 3:40-க்கு, உதவி அதிகாரி ஃபோன் செய்தார். சாட்சிப் பொருட்கள் வைக்கிற அறையில் அந்தத் தகரக் கதவைக் காணவில்லையாம். பூட்டு போட்டபடியே இருக்கிறதாம். நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். நான் எடுக்கவில்லை.

4:38. ஜன்னல்கள் வியர்த்திருக்கின்றன.

நிலவறைக்கு நான் இன்னும் இறங்கிப் பார்க்கவில்லை. கீழே இறங்கும் படியில் சத்தம் எதுவும் இல்லை. மேஜை மேல் மீட்டர் முப்பத்தைந்து காட்டுகிறது.